அரிய தட்டு எது? பழைய இசைத்தட்டுச் சந்தையை ரசிப்பது எப்படி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவிலும் கொல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் பழைய இசைத்தட்டுகளைப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் குனிகிறார்கள்: "இது ரேர் பீஸா?" கடைக்காரரும் அதற்குப் பதில் தயாராக வைத்திருப்பார். உறையில் தெரிந்த நடிகரின் முகம் இருந்தால் ஒரு விலை, இளையராஜாவின் பெயர் இருந்தால் இன்னொரு விலை, உறையே இல்லாத கறுப்புத் தட்டு என்றால் அடுக்கோடு ஒரு விலை. இந்தப் பேரத்தில் கெட்டுப்போவது பணம் மட்டுமில்லை, ரசனையும்தான். "அரியது" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. சந்தை விலை பேசுவது அவற்றில் முதல் மூன்றை வைத்து. காதுக்கும் வரலாற்றுக்கும் பெரிதும் பயன்படுவது நான்காவது. அது பெரும்பாலும் விலை ஏறாத அடுக்கில்தான் கிடக்கிறது. தட்டு தேடுவதை ரசிக்கக் கற்பது என்றால் இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கக் கற்பதுதான்.

முதலாவது, குறைவாக அச்சடிக்கப்பட்டது. 1980-களில் கேசட் வீடுதோறும் நுழைந்துவிட்டது. எல்பி வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் தட்டு அச்சடிப்பது ஏறக்குறைய நின்றேபோனது. அதனால் அந்தக் கடைசி ஆண்டுகளில் எக்கோ போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட படப்பாடல் எல்பிகள், பாட்டு ஊரெல்லாம் ஒலித்தபோதும், தட்டாகக் கொஞ்சமே வெளிவந்தன. இரண்டாவது, நிறைய அச்சடித்தும் மிஞ்சாமல் போனது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய தட்டுகள் அரக்கும் கல்தூளும் கலந்து செய்தவை; கை தவறினால் சில்லுச் சில்லாகும். மூன்றாவது, மிஞ்சியும் கேட்கத் தகுந்த நிலையில் இல்லாதது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி போலப் பெயர்பெற்ற நாகஸ்வரத் தட்டுகளை யாரும் அலமாரியில் பூட்டி வைக்கவில்லை, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். ஆகவே தட்டு கிடைக்கும், தேயாத தட்டு கிடைக்காது. நான்காவது, வேறெங்கும் இல்லாத ஒலி. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தார். பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. நாடக மேடையை ஆண்ட அந்தக் குரல் இன்று நம்மை எட்டுவது 78 தட்டுகளின் வழியாகத்தான். 1917-இல் மறைந்த கோயம்புத்தூர் தாயியின் பாட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜைக்கூட ஈர்த்தது. நமக்குத் தாயி விட்டுச்சென்ற ஒலியும் அந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு தட்டு உடையும்போது பிரதிகளில் ஒன்று குறைவதோடு நிற்காமல் ஒரு குரலின் ஒரு பகுதியே போய்விடக்கூடும்.

இந்த நான்காவது வகை பழைய சாமான் கடைக்கு ஏன் வருகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. புத்தகம் அச்சிட்டால் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும் என்று 1954-இல் இந்தியாவில் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுகளில் செய்தித்தாள்களும் அதில் சேர்ந்தன. இசைத்தட்டு அதில் சேரவில்லை. எந்தத் தட்டிலும் ஒரு படியைக் காத்து வைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. தட்டுகள் பிறந்த இடமும் தொலைவில் இருந்தது. கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கைஸ்பெர்க் 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தபோது, அச்சடிப்பதற்கு மூலத்தை ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்பினார்கள். 1908-இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்தது. பிறகு டம்டம்முக்கு மாறியது. சென்னையில் பாடியவரின் குரல் வங்காளத்தில் தட்டாகி, மறுபடி சென்னைக் கடைக்கு வந்து விற்பனையானது. விற்ற பிறகு அதைக் காத்தவர்கள் தனி மனிதர்கள்: வீட்டில் கிராமபோன் வைத்திருந்தவர்கள், கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டிய சவுண்டு சர்வீஸ்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தபோது தட்டுகள் காயலான் கடைக்குப் போயின. சென்னையில் அப்படி வந்து சேர்ந்தவற்றுக்குப் பெரிய இருப்பிடமாக இருந்தது மூர் மார்க்கெட். 1985 மே மாதத்தில் அது தீயில் அழிந்தது. திட்டமிட்டு யாரும் அமைக்காத ஒரு காப்பகத்தின் மிச்சம்தான் இப்போது சந்தையில் பரப்பிக் கிடக்கிறது. அதை அப்படிப் பார்க்கத் தொடங்கினாலே புரட்டுகிற கை நிதானமாகிவிடும்.

அந்தக் காப்பகத்துக்குப் பட்டியல் கிடையாது. தட்டின் நடுவில் ஒட்டிய தாள்தான் பட்டியல். அதைப் படிப்பதில்தான் தேடலின் பாதி இன்பம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பதிவான தட்டு, பொதுவாக இருபக்கத் தட்டை விட மூத்தது. 78 தட்டில் எச்எம்வியின் நாய் படத்துக்குப் பதிலாக எழுதுகோல் பிடித்த குட்டித் தேவதை உட்கார்ந்திருந்தால் அது நூறாண்டைக் கடந்தது. ஆனால் அதே தேவதை பிற்காலத்தில் எல்பிகளிலும் திரும்பி வந்ததால் அளவையும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எச்எம்வி, கொலம்பியா, ஓடியான் என்று நிறுவனத்தின் பெயர் ஒரு தகவல். ஓடியான் என்றால் அதன் பின்னணியில் சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸின் கதையும், பின்னாளில் ஏவிஎம் நிறுவிய மெய்யப்பச் செட்டியாரின் தொடக்க கால வணிகமும் இருக்கின்றன. எல்பி என்றால் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளைக் கவனியுங்கள்: எச்எம்வியின் இசிஎல்பி, இஏஎல்பி வரிசைகள் மோனோ, இசிஎஸ்டி, இஏஎஸ்டி வரிசைகள் ஸ்டீரியோ. தாளைச் சுற்றிய வெற்றுப் பகுதியில் ஊசியால் கீறியதுபோல் தெரியும் எண், அந்தப் பக்கத்தை அச்சடித்த மூலத்தின் அடையாளம். உறை மாறினாலும் தாள் மாறினாலும் அது மாறாது. தாளில் இருப்பதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. 1949-இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். முதலில் வந்த தட்டிலோ பாடியவர் பெயராகக் கதாபாத்திரத்தின் பெயர் "காமினி" என்று அச்சாகியிருந்தது. ராகப் பெயர்கள் தவறாக அச்சான தட்டுகளும் உண்டு. யார் பாடினார், எந்த ராகம் என்பதைக் காதால் சரிபார்க்க வேண்டிய நிலை ஒரு குறையில்லை, ரசிகருக்குக் கிடைத்த வேலை.

தாளின்மேல் யாரோ பேனாவால் எழுதிய பெயரையும் ரப்பர் முத்திரையையும் கண்டு பலர் முகம் சுளிக்கிறார்கள், விலையும் குறையும். ஆனால் "இன்ன ஊர் சவுண்டு சர்வீஸ்" என்ற முத்திரை, அந்தத் தட்டு யார் காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு எழுத்துச் சான்று. சொந்தமாக கிராமபோன் வாங்க வழியில்லாத பெரும்பாலான தமிழர்கள் தட்டிசையைக் கேட்டது கூம்பு ஒலிபெருக்கியில்தான். அதனால் அந்த முத்திரை இருந்தால் இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம்: கனமான ஊசி பலநூறு முறை ஓடிய தேய்மானம். தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். ஓடாத தட்டு பளபளவென்று கறுத்திருக்கும். தேய்ந்தது சாம்பல் பூத்திருக்கும். முக்கியமாக, பாட்டின் உச்ச இடங்களில் சாம்பல் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் ஒலி பெருகும் இடத்தில்தான் ஊசி பள்ளத்தின் சுவரை அதிகம் அரிக்கிறது. நடுத் துளையைச் சுற்றித் தாளில் மெல்லிய கோடுகள் மொய்த்திருந்தால் அதைப் பலமுறை சுழலியில் மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கீறலை நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். நகத்தில் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் சரசரப்போடு போய்விடும், தட்டுப்படுவது ஊசியை எகிறவைக்கும். எல்பியைக் கண்மட்டத்தில் பிடித்து நெளிவு பாருங்கள். அரக்குத் தட்டில் விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் மயிரிழை விரிசலைத் தேடுங்கள். உறைக்குள் உறையின் தட்டுதான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சந்தையில் தட்டுகள் வீடு மாறியிருப்பது வழக்கம். வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடாத ஒன்று உண்டு: 78 தட்டை ஸ்பிரிட், சானிடைசர் போன்ற ஆல்கஹால் திரவங்களால் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரையும். தாளில் படாமல், மிதமான சோப்புத் தண்ணீரால் துடைத்து உடனே உலர்த்துவதே போதும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 1925-க்குப் பிறகுதான் மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்வது உலகில் பரவியது. அதற்கு முந்திய பதிவுகளில் பாடகர் ஒரு கூம்பின் வாய்க்கு நேரே நின்று முழுத் தொண்டையோடு பாடினார். மென்மையான சங்கதிகளும் மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் அதில் சரியாக விழாது. அதை அறியாமல் கேட்டால் "கத்துகிறார்" என்று தோன்றும். அறிந்து கேட்டால், கருவியின் குறையைத் தாண்டிக் குரல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது புரியும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம். கச்சேரியில் அரை மணி விரிகிற கீர்த்தனையை அதற்குள் அடக்க வேண்டும். எந்தச் சங்கதியை வைத்தார்கள், எதைக் கைவிட்டார்கள், ராகத்தின் முகத்தை முதல் சில நொடிகளில் எப்படிக் காட்டினார்கள் என்று கவனித்தால், அந்தச் சுருக்கமே ஒரு கலை என்று தெரியும். பழைய தட்டுகள் சிலவற்றின் முடிவில் பாடியவர் தம் பெயரைத் தாமே அறிவிப்பார். கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் சொன்ன அறிவிப்பு புகழ்பெற்றது. மொழி அறியாத ஜெர்மானியத் தொழிலாளர்கள் தாளை மாற்றி ஒட்டிவிடாமல் இருக்க அது உதவியது என்பார்கள். வேகமும் முக்கியம். "78" என்று நாம் சொன்னாலும் தொடக்க காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் பதிவானவை இல்லை. 74 சுற்றில் பதிவானதை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை உயர்ந்துவிடும். நாலரைக் கட்டையில் பாடியவர் ஐந்து கட்டையில் பாடியதாகக் கேட்கும். ஒருவரின் கட்டை உயரத்தை வியப்பதற்கு முன் தட்டின் வேகத்தைச் சந்தேகிப்பது நல்ல ரசிகரின் லட்சணம்.

இவ்வளவும் இணையத்தில் இருக்கும்போது சந்தைக்கு எதற்குப் போக வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. பதில், இணையத்தில் உள்ள பழைய ஒலிகளில் பெரும்பகுதி இப்படி யாரோ தேடி எடுத்த தட்டிலிருந்து ஏறியதுதான் என்பது. தேடல் நின்றால் இணையத்தின் பழைய இசையும் இப்போதுள்ள இடத்திலேயே நின்றுவிடும். ஏறியவையும் ஏற்றியவரின் தெரிவுக்கு உட்பட்டவை. புகழ்பெற்ற பாட்டு பத்து முறை ஏறும். அதே தட்டின் மறுபக்கம் ஒருமுறைகூட ஏறாது. நகைச்சுவைத் தட்டுகள், நாடக வசனத் தட்டுகள், பெயர் தெரியாத பாடகிகளின் பதிவுகள் ஆகியவை கண்ணில் படுவது அபூர்வம். ஏறியவற்றிலும் வேகம் பிசகியவை உண்டு, இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் மேற்பகுதியையும் சேர்த்து நீக்கியவை உண்டு. எந்தத் தட்டு, எந்த எண், எந்த ஆண்டு என்ற விவரம் பலவற்றில் கிடையாது. ஒலி மட்டும் போதும் என்பவருக்கு இது பொருட்டில்லை. அந்த ஒலி எப்போது, யாருக்காக, என்ன கட்டுப்பாட்டில் பிறந்தது என்று கேட்பவருக்குத் தட்டே மூலச்சான்று. இந்தியாவில் அச்சான பீட்டில்ஸ் குழுவின் 78 தட்டுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்கில் 78 மறைந்துவிட்ட 1960-களிலும் டம்டம் தொழிற்சாலை அந்தப் பாட்டுகளை 78-இல் அச்சடித்தது, ஏனென்றால் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்கள் இங்கே இன்னும் புழக்கத்தில் இருந்தன. அந்தப் பாட்டுகள் உலகெங்கும் எளிதாகக் கேட்கக் கிடைக்கின்றன. ஆனாலும் இந்தத் தட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஒலிநாடாவோ கோப்போ சொல்லாத ஒரு இந்திய உண்மையை அந்தப் பொருள் சொல்கிறது.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கடுமையானது: தட்டுதான் உயர்ந்த ஒலி, அதில் உள்ள "கனிவு" டிஜிட்டலில் வராது என்பது பணமுள்ளவர்களின் பகட்டுத்தானே? பெருமளவு ஆமாம். 1970, 80-களின் எல்பிகள் பலவற்றில் அச்சுத் தரம் சுமார்தான். நல்ல மூலநாடாவிலிருந்து கவனமாகச் செய்த குறுந்தகடு பல சமயம் மேலானது. ஒலித்தரத்துக்காக மட்டும் சந்தைக்குப் போகிறவர் ஏமாறுவார். ஆனால் தட்டு தேடுவதற்கு அந்த வாதம் தேவையே இல்லை. தேடலின் நியாயம் ஒலியின் தரத்தில் இல்லை, அதன் தனித்தன்மையில் இருக்கிறது. அதோடு, இந்தப் பாதையில் நடக்கப் பெரும் பணமும் தேவைப்படாது. விலை ஏறுவது நடிகர் முகத்துக்கும் பெயர்பெற்ற படத்துக்கும். யாரும் கேட்காத பாடகியின் உறையில்லாத தட்டுக்கு இல்லை. 1963-இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாத எல்பியை அரிய தட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவ்வளவு பிரதிகள் விற்றன. ஆனால் ஒரு தட்டு தென்னாட்டு வீடுகளின் விடியற்காலையையே எப்படி அமைத்தது என்று யோசிப்பவருக்கு, அந்த மலிவான பிரதி ஒரு முழுப் பாடம். கருவியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: 78 தட்டின் பள்ளம் எல்பியின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், அதற்குரிய தனி ஊசி வேண்டும். எல்பி ஊசியை அதில் ஓட்டினால் அது பள்ளத்தின் அடியில் அலைந்து, இரைச்சலை மட்டுமே எடுத்துத் தரும்.

மூன்றாவது கேள்விதான் மிகவும் யோசிக்க வேண்டியது. அரிய ஒலிகளைத் தனியார் அலமாரிகளில் அடைத்து வைப்பது, பொதுவில் இருக்க வேண்டியதைப் பதுக்குவதாகாதா? பதுக்கினால் அது குற்றம்தான். வாங்கியவர் இறந்ததும் தட்டு மறுபடி காயலான் கடைக்குப் போகுமானால், அந்தச் சேகரிப்பால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் இந்தத் துறையில் இதுவரை கிடைத்த அறிவும் சேகரிப்பாளர்கள் தந்ததே. கிராமபோன் கம்பெனியின் தொடக்க கால இந்தியப் பதிவுகளுக்கு விரிவான பட்டியல் தொகுத்த மைக்கேல் கின்னியர் ஆஸ்திரேலியர். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று இன்று நாம் சரிபார்ப்பது அவரைப் போன்றவர்களின் உழைப்பால். மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கம் அமைத்து இதழும் நடத்தினார்கள். சென்னையில் வி.ஏ.கே. ரங்கராவ் பல்லாயிரம் 78 தட்டுகளைச் சேர்த்து, அவற்றைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஆகவே சேகரிப்பதை நியாயப்படுத்துவது பகிர்வு. தட்டின் எண், மூல எண், பாடியவர், ராகம், நிலை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதும், சரியான வேகத்தில் ஒலியை நகலெடுத்து வைப்பதும் குறைந்தபட்சக் கடமை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமைகள் தனிக் கணக்கு. எதைப் பொதுவில் வைக்கலாம் என்பதை இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் சந்தைத் தரைக்குக் கொண்டுவந்தால் நடைமுறை எளிது. பெயர் தெரிந்த உறைகளைக் கடைசியில் பாருங்கள். அவற்றை எல்லோரும் பார்த்திருப்பார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும். முதலில் உறையில்லாத அடுக்குக்குப் போங்கள். தெரியாத பெயர், தெரியாத எண், நாடகம் அல்லது நகைச்சுவை என்று குறித்த தாள், ஒருபக்கத் தட்டு ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். புகழ்பெற்ற பாட்டுள்ள தட்டு கிடைத்தால் உடனே திருப்பி மறுபக்கம் என்ன என்று பாருங்கள். விரிசல் விட்டதால் மட்டும் ஒன்றை ஒதுக்கிவிடாதீர்கள். வேறெங்கும் இல்லாத குரலாக இருந்தால் டிக் டிக்கென்ற சத்தத்தோடு கேட்பதும் கேட்பதுதான். அதே விரிசல் எங்கும் கிடைக்கும் பாட்டில் இருந்தால் தாராளமாக ஒதுக்கலாம். கடைக்காரரிடம் "எந்த வீட்டிலிருந்து வந்தது, எந்த ஊர்?" என்று விசாரியுங்கள், ஒரே வீட்டின் தட்டுகள் ஒன்றாக இருந்தால் சிதறவிடாமல் மொத்தமாகப் பேசி எடுப்பது நல்லது, ஒரு குடும்பத்தின் ரசனை அதில் முழுதாக இருக்கும். பேரம் பேசுவதில் தவறில்லை. ஆனால் தட்டுகளைத் தூக்கி எறியாமல் நிறுத்திவைக்கிற கடைக்காரருக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுப்பது அடுத்த முறை உங்களுக்கே உதவும். "இது ரேர் பீஸா?" என்ற கேள்விக்குச் சந்தைதான் பதில் சொல்லும், அந்தப் பதில் விலையாகவே இருக்கும். "இந்த ஒலி வேறெங்காவது இருக்கிறதா?" என்ற கேள்விக்குத் தட்டைப் படித்து, பட்டியலோடு ஒப்பிட்டு, காதால் கேட்டு நீங்களேதான் பதில் தேட வேண்டும். அந்த உழைப்புக்குப் பழகியவருக்கு, வெறுங்கையோடு திரும்பும் வெள்ளிக்கிழமையும் வீண் போவதில்லை. புரட்டிய ஒவ்வொரு தாளும் அடுத்த தட்டைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கும்.